அதே வேகத்தில் அதே குரல்

அவளுக்குப் பார்வை போனது முப்பதைத் தாண்டிய பிறகுதான். கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, ஒரு கோடையில் முழுவதுமாக அணைந்துவிட்டது. அதற்கு முன் மருத்துவமனையில் தட்டச்சு வேலை பார்த்தவள், பிறகும் அதே வேலையை வீட்டிலிருந்து செய்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல கம்ப்யூட்டருக்குள் ஒரு குரல் இருந்தது.

அந்தக் குரலைப் பழக்கியெடுக்க வருடக்கணக்கில் ஆனது. வேகத்தைக் கூட்டிக் கூட்டி, தகரக் கூரையில் மழை விழுவதுபோல மற்றவர்களுக்கு வெறும் சடசடப்பாகக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். மருந்துப் பெயர்களைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்த அதற்கு ஒவ்வொன்றாக உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தாள். எந்தச் சாவியைத் தட்டினால் எந்த வாக்கியம் வந்து விழும் என்பதும் அவள் வகுத்ததுதான்.

கணவர் பஸ் டிரைவர். கம்ப்யூட்டர் என்றால் நாலடி தள்ளி நிற்பவர். அவள் அவ்வப்போது சோப்பு டப்பா அளவில் ஒரு டிஸ்கைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டுக் காத்திருப்பதைப் பார்த்தால் கிண்டல் செய்வார்.

"மறுபடியும் அதுக்குச் சாப்பாடு ஊட்டியாச்சா?"

"சிரிக்காதீங்க. ஃபைலை மட்டும் எடுத்து வைக்கல. குரல், வேகம், நான் சொல்லிக்கொடுத்தது, மொத்தக் கம்ப்யூட்டரையும் இருக்கிறபடியே எடுத்து வைக்கிறேன்."

"அதாவது, வீட்டையே மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கிற மாதிரி."

"அதேதான்."

"நல்லா கதை விடற, போ."

ஒருநாள் காலை அவள் பொத்தானை அழுத்தினாள். குரல் வரவில்லை. கணவர் எட்டிப் பார்த்து, திரை கறுப்பாக இருப்பதாகச் சொன்னார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழுது பார்ப்பவர் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள இருந்த டிஸ்க் செத்துப்போச்சுக்கா. புதுசு போட்டு எல்லாத்தையும் முதல்லேருந்து ஏத்தித் தரேன்."

"எதையும் ஏத்தாதீங்க தம்பி. காலி டிஸ்கோட குடுத்தா போதும். என்கிட்ட முழுசா இருக்கு. நோயாளிங்க விவரம் இருக்கிறதால அதை வெளிய குடுக்க முடியாது."

"திரும்ப ஏத்துற வரைக்கும் அது பேசாதேக்கா. எப்படிப் பார்ப்பீங்க?"

"இவர் பார்ப்பாரு," என்று கணவரின் தோளைத் தட்டினாள்.

வீட்டில், எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுவதற்காகவே முன்பு தயார்செய்து வைத்திருந்த பென்டிரைவையும், சோப்பு டப்பா அளவு டிஸ்கையும் சொருகினாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையில் வந்ததையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவள் சொன்னதை அழுத்தினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் நின்றார்.

"ரெண்டு டிஸ்க் காட்டுது. எதுமேல எழுதணும்னு கேக்குதும்மா."

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க, தொடாதீங்க! தப்பானதை அழுத்தினா எடுத்து வச்சதே அழிஞ்சிடும். பக்கத்துல அளவு போட்டிருக்கும், படிங்க."

"மேல இருக்கிறது பெருசு. கீழ இருக்கிறது அதுல பாதி. காலின்னு போட்டிருக்கு."

"சின்னதுதான் புதுசு. இன்னொரு தரம் படிங்க."

அவர் படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னாள். "பஸ் நிறைய ஆளை ஏத்திக்கிட்டு மலையிலேருந்து இறங்கும்போதுகூட நான் இத்தனை தடவை பிரேக்கைப் பார்த்ததில்ல," என்றபடி சின்னதை அழுத்தினார்.

அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோடு நிறைந்தது. பென்டிரைவைக் கழற்றிவிட்டுத் திரும்ப இயக்கினார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு தகரக் கூரையில் மழை கொட்டியது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியாகப் படி எடுத்த அன்று அடித்து வைத்திருந்த அறிக்கையைத் திறந்தாள். கடினமான மருந்துப் பெயர் ஒன்றைக் குரல் அவள் சொல்லிக்கொடுத்தபடியே, பிசிறில்லாமல் சொன்னது. வாக்கியங்களுக்காகத் தான் வகுத்திருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"அதேதாங்க," என்றாள். "அப்படியே இருக்கு."

கணவர் சோப்பு டப்பா அளவு டிஸ்கைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். காதருகே கொண்டுபோனார்.

"இத்தனை வருஷமும் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

அவள் சிரித்தாள். அன்று அவர் வேலைக்குக் கிளம்ப மனமில்லாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"அது என்ன சொல்லுதுன்னு எனக்கும் கேக்கணும். கொஞ்சம் மெதுவா ஓட்டேன்."

அவள் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். மழை சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, சொற்களாகி, அவருக்குப் புரிந்தது. கூடத்துச் சுவரைப் பார்த்தபடி, அசையாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.