தொட்டி கழுவியவர்கள்

கெலமங்கலம் பக்கம் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி அதில் தவளை செத்து மிதப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக டீச்சரிடம் போய்ச் சொன்னாள். "பாத்தவளே கழுவிடு" என்றார் டீச்சர். அவ்வளவுதான் விசாரணை. அவள் தன் வீட்டுத் தெலுங்கில் திட்டிக்கொண்டே பாவாடையைத் தூக்கிச் செருகினாள். நானும் இன்னும் சில பெண்களும் கூட இறங்கினோம். போய்ச் சொன்னால் நம் தலையில்தான் விடியும், கூட இறங்குகிறவளை நம்பலாம். பரீட்சை முடிந்தும் எங்களுக்கு மறக்காத பாடம் அது ஒன்றுதான்.

இப்போது நாங்கள் இருவரும் ஓசூரில் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்க்கிறோம். போன வருஷம் அவளுடைய வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. திருகாணி பிடித்தால் நழுவியது. கை வலித்தால் மெடிக்கல் ரூமுக்கு வாருங்கள், வேறு வேலைக்கு மாற்றுவோம் என்று நாங்கள் வேலையில் சேர்ந்த அன்றே கம்பெனி அதிகாரி சொல்லியிருந்தார். யார் நம்பினார்கள்? கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா, "அங்க போனா காண்ட்ராக்ட முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள். எங்களுக்கு அதுதான் வேதவாக்கு.

அதனால் தெரிந்ததையே செய்தோம். அவள் பங்குத் திருகாணிகளை இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் இருந்தவளும் வாங்கி முடுக்கினோம். சூப்பர்வைசர் திரும்பினால் அவள் சும்மா கையை அசைத்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஒற்றுமையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு டீ பிரேக்கில் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. காலில் சுடச்சுட டீ கொட்டியும் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாப்பாவுக்கு ஜடை பின்ன வரமாட்டேங்குதுடி" என்றாள். வைத்தியத்துக்குப் போகவிடாமல் மறைத்து மறைத்து, நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவள் கையைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

"வா, மெடிக்கல் ரூமுக்குப் போலாம்."

"தவள கத மறந்துட்டியா? வேல போச்சுன்னா யாருடி குடுப்பா?"

"மறக்கல. அன்னைக்கும் நீ மட்டுமா கழுவுன?"

லைனில் இருந்த பெண்கள் எல்லோருமே கிளம்பிவிட்டோம். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தைப் பார்த்து நர்ஸ், "யாருக்கும்மா முடியல?" என்றார். "இவளுக்குத்தாங்க. நாங்க தொணைக்கு" என்றேன். கையைப் பார்த்ததும், "இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று எங்கள் எல்லோரையும் சேர்த்தே கடிந்துகொண்டார். டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுச் சில வாரம் ஓய்வு எழுதினார். திரும்பி வந்தவளை, பொருத்திய பாகங்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். காண்ட்ராக்ட் அப்படியே இருந்தது. பஸ் அக்காதான் கொஞ்ச நாள் எங்களோடு பேசவில்லை.

எல்லா இடமும் இப்படி என்று சொல்லமாட்டேன். கும்பலாகப் போகாவிட்டால் என்ன நடந்திருக்குமோ, அதுவும் தெரியாது. ஆனால் போய்ப் பார்க்காமலே முடிவு கட்டியது நாங்கள்தான்.

போன மாதக் கூட்டத்தில் அதே அதிகாரி, "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் தரையைப் பார்த்தோம். என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. "கேன்டீன் தண்ணி வாட வருதுங்க சார், தொட்டியப் பாக்கணும்" என்றாள் தோழி. பிறகு அவசரமாக, "கழுவறதுக்கு ஆளு நீங்கதான் அனுப்பணும்" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். அவள் வலது கையில் டீ டம்ளரைப் பிடித்திருக்க, நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.