இருபத்தேழு கிராம்

பதினாறு வருடங்களாக ஒருவர் முக்கியமான நேரத்தில் தன் கை நடுங்கும் என்று நம்பி வாழ்ந்தார். அவர் தோற்றதற்குக் காரணம் அந்தக் கை இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலராக இருந்தேன். அவர் அதே தொழிற்சாலையில் சூளை வண்டியில் பொருள் அடுக்குபவர். சுடாத பீங்கான், விரல் அழுந்தினாலே தடம் விழும். அவர் அடுக்கிய வண்டியில் ஒரு பொருள்கூட விளிம்பு உடைந்து வந்ததில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேலை முடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் ஒரு பாத்திரக் கடையின் மாடிக்குப் போய்விடுவார். நானும் அங்கேதான் போவேன்.

அந்த மாடியில் ஒரே ஒரு பூல் டேபிள். ஊரில் எல்லோரும் அதை ஸ்நூக்கர் என்றுதான் சொன்னார்கள். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் இருந்துவிட்டுத் திரும்பி, பாண்டிச்சேரியில் மூடிப்போன ஏதோ கிளப்பிலிருந்து அதை வாங்கி வந்து போட்டிருந்தார். அவரை எல்லோரும் பாய் என்போம். நான் சுமாராக ஆடுவேன். சூளைக்காரரோ ஆறே மாதத்தில் எங்கள் எல்லோரையும் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டார்.

ஒருநாள் வெள்ளைப் பந்து தரையில் விழுந்து ஓரம் தெறித்துவிட்டது. தனிப் பந்து சென்னையிலும் சுலபத்தில் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். பாய் என்னைப் பார்த்தார்.

"சார், ஊரே கக்கூஸ் உக்கார்ற அளவுக்குப் பீங்கான் செய்றீங்க. ஒரு பந்து செய்ய முடியாதா?"

"பாய், அது வேற சரக்கு. பிளாஸ்டிக் மாதிரி."

"வெள்ளையா இருக்கணும், உருளணும். வேற என்ன கேக்கப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

பீங்கானைக் கெட்டியாக வார்த்தால் எடை ஏகத்துக்கும் ஏறிவிடும். அதனால் நாங்கள் வாஷ்பேசின் வார்க்கிற முறையிலேயே செய்தேன். அச்சில் மண் குழம்பை ஊற்றி, ஓரம் தடித்ததும் நடுவில் மிஞ்சியதை வடித்துவிடுவது. உள்ளே கூடாக இருக்கும். சூளையில் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக வைத்தேன். முதல் மூன்றும் வெடித்தன. நான்காவது அளவு பிசகாமல் வந்தது. காற்று போக விட்டிருந்த ஊசித் துளையை அடைத்து, தேய்த்து, மெருகு போட்டேன். ஆய்வுக்கூடத் தராசில் வைத்தேன். பழைய பந்தைவிட இருபத்தேழு கிராம் அதிகம்.

இன்னும் மெல்லிசாக வார்த்தால் அடி தாங்காது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எடை சரியா சார்?" என்று கேட்டபோது ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"அச்சு அசல்," என்றேன்.

முதல் வாரம் எல்லோரும் கொஞ்சம் தடுமாறினோம். பிறகு அந்தப் பந்துதான் பந்து என்று ஆகிவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது வந்தால் பாய் எடுத்துக் காட்டுவார். "நம்ம ஊரு பந்து. சார் செஞ்சது." அதைக் கேட்கவே நான் சில நாள் மாடி ஏறியிருக்கிறேன்.

எடை கூடிய வெள்ளைப் பந்து இன்னொரு பந்தில் மோதியதும் நிற்காது, தள்ளிக்கொண்டு முன்னே போகும். அதை நிறுத்தவோ பின்னால் இழுக்கவோ அடிப்பாகத்தில் பலமாகக் குத்த வேண்டும். சூளைக்காரர் மூன்று வருடம் அந்தப் பந்தோடு ஆடி, அந்தக் குத்தைத் தன் தோளிலும் மணிக்கட்டிலும் ஏற்றிக்கொண்டார். எங்கள் டேபிளில் வெள்ளைப் பந்து அவர் நினைத்த இடத்தில் வந்து நிற்கும். கூடான பந்து என்பதால் மோதும்போது டம்ளர் இடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். கீழே பாத்திரக் கடையில் இருப்பவர்களே அந்தச் சத்தத்தின் பலத்தை வைத்து ஆடுவது அவர்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் மாநிலப் போட்டி வந்தது. இந்த ஆட்டத்தை நம்பி நம் பக்கத்தில் யாரும் சாப்பிட முடியாது. அன்றும் அப்படித்தான், இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். பரிசுக் கோப்பையை வீட்டில் வைக்கலாம், பயணச் செலவு நம்முடையது. நன்றாக ஆடுகிறவனுக்கு இருந்த ஒரே வழி, ஏதாவது பெரிய நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுத்துக்கொள்வது. நாற்காலியும் சம்பளமும் அவர்கள் கொடுப்பார்கள், நாம் அவர்கள் பேரில் ஆட வேண்டும். அந்த நாற்காலி கிடைத்தவன் ஆட்டக்காரன், கிடைக்காதவன் கிளப்பில் மார்க்கர், அதாவது டேபிள் துடைத்து, பந்து அடுக்கி, வசதியானவர்களுக்குப் புள்ளி எழுதுகிறவன். அந்த வருடம் ஒரு நிறுவனத்தின் ஆட்கள் போட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவருக்கு இருபத்தைந்து நிறைய நான்கு மாதம் இருந்தது.

நானும் கூடப் போனேன். முதல் ரயிலில் ஏறினோம். அவர் அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை எனக்கும் பங்கு வைத்தார். "கெடச்சா சூளைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் சார்," என்றார். "உங்களப் பாக்க மட்டும் வருவேன்."

அங்கே பழகிப் பார்க்க ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஐந்தாறு அடி அடித்துவிட்டு என்னிடம் வந்தார். முகத்தில் பயமில்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன், கணக்கு சரிபார்க்கிறவன் முகம்தான் இருந்தது.

"சார், இந்த வெள்ளை லேசா இருக்குற மாதிரி இருக்குது. பின்னாடி ஓடியாருது. நம்ம பந்து எடை சரிதானங்க?"

பாயின் நண்பர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள்.

"நம்ம பந்து சரிதான் தம்பி," என்றேன். "பதட்டத்துல அப்படித்தான் தெரியும். மனச அடக்கிட்டு எப்பவும் ஆடற மாதிரி ஆடு."

எப்பவும் ஆடற மாதிரி. நான் கொடுத்த ஆலோசனை அதுதான். அவர் அதை அப்படியே செய்தார்.

ஒன்பது பந்து ஆட்டம். ஒன்றிலிருந்து வரிசையாகப் போட வேண்டும், ஒன்பதைப் போடுகிறவருக்கு ஆட்டம். முதலில் ஏழு ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி. முதல் ஆட்டத்திலேயே நான்காம் எண் பந்தை அருமையாகக் குழிக்கு அனுப்பினார். வெள்ளைப் பந்து நிற்க வேண்டியது. நிற்காமல் நிதானமாகப் பின்னால் உருண்டு, அவர் பக்கமே வந்து, அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்த குழிக்குள் விழுந்தது. தப்பாட்டம். எதிராளி வெள்ளையைக் கையில் எடுத்து இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துக்கொண்டார். மறுபடி, மறுபடி அதே. ஒவ்வொரு தடவையும் பந்து அவரிடமே திரும்பி வந்தது. மூன்றாவது ஆட்டத்துக்கு மேல் அவருடைய கை உண்மையாகவே நடுங்கத் தொடங்கியது. எதிராளிக்கு ஏழு, இவருக்கு இரண்டு என்று முடிந்தது.

திரும்பும் ரயிலில் அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். விழுப்புரம் தாண்டியதும், "எனக்குப் பெரிய எடத்துல கை நிக்காது போலருக்குது சார்," என்றார். அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். மறுவாரம் பாயிடம் பந்தில் கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லி வாங்கிப்போய், தொழிற்சாலைக்குப் பின்னால் உடைசல் குவியலில் அடித்துப் போட்டேன். புது செட் என் செலவில் வந்தது. சார் எவ்வளவு நல்லவர் என்று பாய் சொன்னார்.

சூளைக்காரர் அந்தப் புதுப் பந்துகளை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை. சென்னைக்குப் போய் மார்க்கர் ஆனார். இப்போது ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப்பில் பயிற்சி தருகிறார். போட்டி என்று ஒன்றில் அதன் பிறகு ஆடவே இல்லை. மாசி மகத்துக்கு ஊருக்கு வருவார், பழமலைநாதரைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கும் வருவார். ஒவ்வொரு வருடமும் நான் காபி போடச் சொல்வேன், மழை பற்றிப் பேசுவேன்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. பேரன் வாங்கிக் கொடுத்த போனில் உலகத்துப் பூல் ஆட்டமெல்லாம் வருகிறது. எந்த நாட்டுக்காரனோ வெள்ளையைப் பின்னால் இழுக்கிறான், கூட்டம் கை தட்டுகிறது. நான் திரையைக் கவிழ்த்து வைக்கிறேன். டீக்கடையில் இரண்டு டம்ளர் இடித்தால் மாடிப் பக்கம் நிமிர்ந்துவிடுகிறேன். கண்ணை மூடினால் அந்தப் பந்து அவரைப் பார்த்து உருண்டு வருகிறது. அது என் பக்கம் வருவதே இல்லை. எப்போதும் அவரிடம்தான் போகிறது.

இந்த வருடம் வந்தபோது அவராகவே பேச்செடுத்தார்.

"எம் பொண்ணு நல்லா ஆடுது சார். பதிமூணு வயசு. ஸ்டேட் செலக்‌ஷனுக்கு அனுப்புன்னு எல்லாரும் சொல்றாங்க."

"அனுப்ப வேண்டியதுதானே?"

"வேணாங்க. எங் கைதான அதுக்கும் இருக்கும். அங்க போயி நின்னு அவமானப்படறதுக்கு நம்ம கிளப்போட இருந்துட்டுப் போவட்டும். ரத்தத்துல வரும் சார் இந்தப் பயமெல்லாம்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன். தராசு, இருபத்தேழு கிராம், அன்று என்னிடம் அவர் கேட்டது, நான் தெரிந்தே பொய் சொன்னது, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை, அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பத்து நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிட்டனேங்க. அப்புறம் எத்தன பந்து தொட்டும் உங்க பேச்சத்தான நம்புனேன்," என்றார். பிறகு, "ஒரு வாரம் போதும் சார். முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு வாரத்துல கைய மாத்தியிருப்பேன். இல்ல, அன்னிக்கிக் கேட்டப்ப சொல்லியிருந்தாக்கூட ரெண்டு ஆட்டத்துல பிடிச்சிருப்பேன்."

ஆறிப்போன காபியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இத எழுதிக் குடுங்க."

"எதுக்கு?"

"நாஞ்சொன்னா எம் பொஞ்சாதி நம்பாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கை நடுங்குறவன்னு நானேதான் சொல்லி வச்சிருக்கேன். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். இப்ப வந்து பந்துதான் தப்புன்னா தோத்தவன் பேச்சு மாதிரி இருக்கும்."

அரைப் பக்கம் எழுதினேன். பந்தின் எடை, வார்த்த விதம், அவர் கேட்ட கேள்வி, என் பதில். கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பேரு குடுக்க வெள்ளிக்கிழம கடைசி," என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. காபியைத் தொடவில்லை. எப்போதும் "போயிட்டு வரேன் சார்" என்பார். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தத் தாளில் நான் எழுதாதது ஒன்று இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அன்று எதிராளி தன் ஏழாவது ஆட்டத்தை எடுத்து முடித்தபோது என் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இவர் ஜெயித்திருந்தால் பெரிய ஆட்களோடு ஆடுவார், வெவ்வேறு பந்துகளைத் தொடுவார், ஒருநாள் ஊருக்கு வந்து நம் பந்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பார் என்று ரயிலில் போகும்போதே நினைத்திருந்தேன். அவர் கொடுத்த இட்லியைத் தின்றுகொண்டே நினைத்தேன். தோற்றதும், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. அந்த நிம்மதியோடுதான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.