நடுவில் நிற்கிற லேப்டாப்

இன்று கள்ளக்குறிச்சியில் லேப்டாப் பார்க்கப் போனேன். விலை ரொம்ப ஏறக் கூடாது, கேம் ஆட வேண்டும், கொஞ்சம் வீடியோ எடிட் செய்ய வேண்டும் என்றேன்.

"உங்க வீடியோ இருந்தா குடுங்க, ஓட்டிப் பாத்துட்டே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

பென்டிரைவைக் கொடுத்தேன். அதில் இருந்த வீடியோ, நானும் என் நண்பன் வெள்ளிமலை முருகனும் ஆன்லைனில் கேம் ஆடியபோது, பேச்சோடு பதிவானது. முருகன் போன மாதம் இறந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. அங்கே போட அதிலிருந்துதான் ஒரு சின்ன வீடியோ செய்ய வேண்டும்.

விலை கம்மியான லேப்டாப்பில் முதலில் ஓட்டினார்.

"இருடா, வந்துகினே இருக்கேன்" என்று முருகன் சொன்ன இடத்தில் சிக்கி நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அங்கேயே நின்றது.

"இது உங்களுக்கு ஆவாதுங்க" என்று சொல்லி, அடுத்ததில் போட்டார்.

அது எங்கும் நிற்கவில்லை. "சார்ஜ் எறங்கிடுச்சிடா, நான் போறேன்" என்று முருகன் முடித்துக்கொண்டான்.

"இன்னா ஸ்பீடு பாத்தீங்களா" என்றார் கடைக்காரர்.

எதையும் வாங்காமல், முதலில் ஓட்டியதன் மாடல் பெயரைக்கூடக் கேட்காமல் கச்சிராயபாளையம் பஸ் ஏறிவிட்டேன்.

நல்ல லேப்டாப் எது என்று யாரும் சொல்ல வேண்டாம், பார்த்தாயிற்று. நடுவிலேயே சிக்கி நிற்கிற ஒன்றை வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், மாடல் பெயரை மட்டும் சொல்லுங்கள்.