பாடு வராத மாத்திரை

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன், அவ்வளவு அலுப்பு. என் நைனாவுக்குக் காது மந்தம், படிப்பும் இல்லை. கால் வீக்கத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடச் சொன்னார் நர்ஸக்கா. நைனாவுக்குப் புரியவில்லை.

எங்கள் ஊரில் முறை வைத்துத்தான் ஏரியில் வலை போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனாவுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பாடு.

"உன் பாடு வர்ற அன்னிக்கு முழுங்கு நைனா, மீனோட வீக்கமும் மாட்டும்!" என்று காதில் கத்தினேன். சிரித்தார்.

பிறகு இரண்டு வாரம் பெருங்காற்று. யாருக்கும் பாடு இல்லை. ஒருநாள் காலையில் நைனா மூச்சு விட முடியாமல் தவித்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மாத்திரை போட்டீங்களா?" என்று டாக்டரம்மா கத்திக் கேட்டார்.

"பாடே வரலியேம்மா," என்றார் நைனா.

பிழைத்துக்கொண்டார். இப்போது மாத்திரை நாளுக்கெல்லாம் காலண்டரில் வட்டம் போடுகிறேன். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்கிறேன். தினமும் கத்திக் கத்தித் தொண்டை போகிறது.

பிழை திருத்த இதை நண்பன் சேகருக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"டேய், எங்கம்மாவுக்கும் நீதானேடா மாத்திரை சொல்லிக்குடுத்த, இன்னா சொன்ன?"