எரியும் வார்டும் என் மரத்த விரல்களும்

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவருக்கு ஒரு மரியாதை, கட்டுப் போடுகிறவருக்கு ஒரு மரியாதை. துணியை நனைத்துப் பிழிந்து போடுகிற ஆயாவுக்கு நாள் முழுக்க ஈரக் கைதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நரம்பு சமாசாரத்தைச் சொல்லப்போய் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ, படித்தவர்கள் சிரிப்பார்களோ என்று எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. எங்கேயாவது பிசகினால், என்னைப் போலவே ஆஸ்பத்திரியில் பிறத்தியார் வலிக்குக் காவல் இருந்து கூலி வாங்குகிற நீங்களாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்காக ஓலைக் கொட்டகை போட்டு ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. புருஷன் போய், பிள்ளையும் இல்லாத நான் கரையான்சாவடியில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அங்கே வேலைக்குப் போனேன். சேர்ந்த அடுத்த வருஷம் என் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. விரல் மரத்தால் பெருநோய், குஷ்டம் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், அண்ணன் வீட்டில் நான் படுக்கிற மூலையும் போகும். இனி சொல்லப்போவதில் பாதி அந்தப் பயத்தோடு நடந்தவை.

வளையல் இல்லாத கை

எங்கள் வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் நரம்பில் அடி. புண் ஆறியிருக்கும், வலி ஆறாது. ஏகாம்பரம் என்று ஒருவர், பர்மாவில் அக்குளுக்குக் கீழே குண்டு துளைத்துப் போனவர். உள்ளங்கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கை அடுப்பில் வைத்த மாதிரி எப்போதும் எரியும். ஈரத்துணி சுற்றியே இருக்க வேண்டும். துணி காய்ந்தால் போச்சு. காய்ந்த விரலால் யாராவது தொட்டுவிட்டால் போச்சு. தட்டு விழுந்தால், காகிதம் சரசரத்தால், யாராவது செருப்புக் காலோடு நடந்தால், அந்தச் சத்தமும் அவர் கையில்தான் போய் விழும். அவரோடு பேசுவதென்றால் ஓர் அடி தள்ளி நின்று மெதுவாகப் பேச வேண்டும்.

நான் வேலை கேட்டுப் போன அன்று இன்னும் சில பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், உடம்பில் தெம்புள்ளவர்கள். எனக்குக் கிடைக்காது என்று பாதி மனசோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை. கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மற்றவர்களுக்கெல்லாம் கை நிறையக் கண்ணாடி வளையல். என் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். என் கையை ஒருவர் அப்படி நின்று பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "உன் கைதாம்மா சத்தம் போடாது. நீ இரு, மத்தவங்க போகலாம்" என்றார்.

தங்கவேலுவின் மாமா

தங்கவேலுவுக்கு முழங்காலுக்கு மேலே வலது காலை எடுத்துவிட்டார்கள். எடுத்த கால் அவருக்கு மட்டும் போகவில்லை. பாதம் அரிக்கிறது என்பார், கட்டை விரல் மடங்கிக்கொண்டது என்பார். முதலில் எனக்குப் பேயோ பிசாசோ என்று உதறல். பிறகு அவர் சொல்கிற இடத்தில் வெறும் விரிப்பைச் சொறிந்துவிடப் பழகினேன். "அங்க இல்ல ஆயாம்மா, இன்னும் கொஞ்சம் கீய" என்பார். சில நாள் அதிலேயே அவருக்கு நிம்மதி வந்துவிடும்.

ஒரு நாள் வேப்பம்பட்டிலிருந்து அவருடைய தாய்மாமன் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்தார். ரயிலை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்து வந்த களைப்பில், கட்டிலில் காலியாக இருந்த பக்கம் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தங்கவேலு போட்ட கூச்சலில் அடுத்த கட்டிலில் ஏகாம்பரம் துடித்துப் போனார். "யோவ் மாமா, எந்திரி! என் கால் மேல குந்தினுகீறே!" மாமா துள்ளி எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அப்புறம் மருமகன் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கடலை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து காதோடு கேட்டார்: "கால் எதுவரிக்கும் கீதுன்னு கையால காட்டும்மா, நான் இந்தண்ட குந்திக்கிறேன்."

குத்தாத ஊசி

வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் குண்டூசியோடு வருவார். நரம்பு வெட்டுப்பட்டவர்களின் கண்ணைத் துண்டால் மூடி, விரல் விரலாகக் குத்துவார். உணர்வு இருந்தால் "கீது" என்று சொல்ல வேண்டும். கை ஆடாமல் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்வது என் வேலை.

முனுசாமி என்ற பையனுக்கு மணிக்கட்டில் வெட்டு. ஊரில் அவன் கையை நம்பித்தான் உழவு. ஒரு முறை அவன் குத்துக்குக் குத்து "கீது, கீது" என்றான். டாக்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நரம்பு முளைத்து விரல்வரை வந்துவிட்டது என்று சிஸ்டரிடம் சொன்னார். எனக்கோ ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும், இது என் விரலாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா என்ற நினைப்புதான். அந்த நினைப்பில் என்னையறியாமல் அவன் கையை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை டாக்டர் ஊசியை ஓங்கிவிட்டு, என்னவோ யோசித்துக் குத்தாமல் நிறுத்தினார். நான் இறுக்கினேன். முனுசாமி "கீது" என்றான். பையன் துண்டை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் பிடித்திருந்த கையை விட்டேன். அதற்குப் பிறகு ஊசி நேரத்தில் என்னை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அன்று டாக்டர் சொன்னது: "முனுசாமி, உனக்கு நரம்பு இன்னும் முளைக்கலை, முளைச்சதெல்லாம் ஆயாவுக்குத்தான்."

ஏகாம்பரத்தின் பொறாமை

ஒரு நாள் ஒத்தடத்துக்காகக் கொதிக்கிற தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி எடுத்து வந்தேன். பித்தளைக் குண்டானின் விளிம்பை இடது கையில் துணியோடும் வலது கையில் வெறும் விரலோடும் பிடித்தபடியே வார்டின் கடைசிவரை நடந்திருக்கிறேன். கீழே வைத்த பிறகுதான் பார்த்தேன், விரல் நுனிகள் வெளுத்துக் கொப்புளம் கட்டிக்கொண்டிருந்தன. வலியே இல்லை. வலி வரட்டும் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வலி வராமல் போவதுதான் பெரிய பயம். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் ஏகாம்பரம் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணிக்குள் அவர் கை எரிந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கலாம் என்று கிட்டே போனேன். அவர் கண்ணில் இருந்தது இரக்கம் இல்லை, பொறாமை. அவ்வளவு சுத்தமான பொறாமையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. "சுடவே இல்லியா உனுக்கு? குடுத்து வெச்சவ ஆயாம்மா நீ. என் கையயும் அப்பிடி ஆக்கிடச் சொல்லு உன் சாமிகிட்ட" என்றார்.

தூக்கச் சொன்ன குழந்தை

வீட்டில் நானாகவே என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஒட்டுவாரொட்டி நோயாக இருந்தால் மற்றவர்களுக்கு வரக்கூடாது அல்லவா. ஆஸ்பத்திரியில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருகிறேன், அதனால்தான் என்று காரணம் சொன்னேன். பாயையும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அண்ணன் எதையும் கவனிக்கிற ஆள் இல்லை. அண்ணி கவனித்தாள்.

அண்ணியின் பேரன் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான். நான் வேலையிலிருந்து வந்தால் தத்தித் தத்தி வந்து புடவையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். முன்னெல்லாம் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் செருப்பையே கழற்றுவேன். கொப்புளம் கட்டிய பிறகு ஒரு நாள் நான் பின்னால் நகர்ந்தேன். அவன் இன்னும் முன்னால் வந்தான். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். குழந்தை நிலைதடுமாறி உட்கார்ந்து அழுதது. நான் அப்போதும் குனியவில்லை. அண்ணி வந்து தூக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புள்ளையத் தொடக்கூடாதபடிக்கு இன்னாம்மா வந்துச்சி உனுக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

எனக்குப் போட்ட துண்டு

மறுநாள் காலையில் நானே டாக்டர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். வேலை போனால் போகட்டும், குழந்தையைக் கண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து எத்தனை நாள் வாழ்வது? அவர் என் கண்ணில் துண்டைப் போட்டார். என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. கட்டை விரலிலும் பக்கத்து விரல்களிலும் ஒன்றும் தெரியவில்லை. சுண்டு விரலில் சுருக்கென்றது. "கீது" என்று நான் கத்தியது கொட்டகை முழுக்கக் கேட்டிருக்கும். முழங்கைக்குப் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார். காது மடலைப் பார்த்தார். சிஸ்டரை விட்டு முதுகில் தேமல் உண்டா என்று பார்க்கச் சொன்னார். கடைசியில் மணிக்கட்டின் நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். செத்துப்போன விரல்களுக்குள் எறும்புக் கூட்டம் ஓடிக் கடித்த மாதிரி ஒரு வலி பாய்ந்தது.

பெருநோய் இல்லை என்றார். ஈரத்துணியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கட்டிலில் விழக்கூடாது என்று நாள் முழுக்க முறுக்கிப் பிழிந்ததில் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். இனிப் பிழிய வேண்டாம், கட்டிலுக்கு அடியில் தட்டு வைத்துச் சொட்டச் சொட்டவே போடு என்றார். நான் அழுதேன். இன்னொரு முறை தட்டச் சொல்லிக் கேட்டேன். அவர் தட்டினார். வலித்தது. ஸ்டெல்லா சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்: "இந்த வார்டுல வலிக்குதுன்னு சந்தோஷப்பட்ட முதல் ஆள் நீதாம்மா."

அண்ணியின் தீர்ப்பு

அன்று சாயங்காலம் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வீட்டுக்கு வந்தேன். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து அண்ணியிடம் சொன்னேன். பதற்றத்தில் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் சொல்லிக் குழப்பினேன் என்று நினைக்கிறேன். மணிக்கட்டைத் தட்டிக்கூடக் காட்டினேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டு முடிக்கும்வரை குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. பிறகு உள்ளே போய் எனக்குச் சோறு போட்டு எடுத்து வந்தாள், அதே தனித் தட்டில். "டாக்டரு சொன்னா சர்தாம்மா, நாங்க இன்னா சொல்லப்போறோம்? தட்டு மட்டும் அந்தண்டயே இருக்கட்டும், பழகிப்போச்சி இல்ல" என்றாள்.

அதனால் இன்றைக்கும், என் விரலுக்கு உணர்வு உண்டு என்று அண்ணி நம்பட்டும் என்று, அவள் பார்க்கிற இடத்தில் பச்சைத் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டாலும் "அப்பாடி, இன்னா சூடு!" என்று கையை உதறிவிட்டுத்தான் எடுக்கிறேன்.