கறுப்பில் வைத்த நூறு டாலர்

கோபிசெட்டிபாளையம் பக்கத்து நஞ்சப்பனுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை, சாந்தாமணி. அவளைக் கட்டியவர் பசுபதி. மளிகைக் கடைக்காரர், அதிர்ந்து பேசாத மனுஷன். நஞ்சப்பன் நியூஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாலும், அவரைக் கேட்காமல் தங்கை வீட்டில் ஒன்றும் நடக்காது. பசுபதி லாரி வாங்க ஆசைப்பட்டபோது, "ரிஸ்க்குங்க மாப்ள, வேண்டாம்" என்று போனிலேயே தடுத்தவர் அவர்தான்.

இரண்டாயிரத்து நாலு கோடையில் தங்கையும் மாப்பிள்ளையும் அமெரிக்கா பார்க்க வந்தார்கள். நயாகரா முடிந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அட்லாண்டிக் சிட்டி. சாந்தாமணியும் நஞ்சப்பன் மனைவியும் கடற்கரைக்குப் போக, ஆண்கள் இருவரும் கேசினோ என்கிற சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தார்கள்.

எண்கள் போட்ட சக்கரத்தில் பந்தைச் சுழலவிடும் ரூலெட்டைப் பார்த்ததும் பசுபதியின் கால் நகரவில்லை. நஞ்சப்பன் பாடமே நடத்தினார். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரம் பெரிய கைகளுக்கு. நமக்கு இரண்டு பூஜ்யம் உள்ளதுதான். ஒரே ஒரு எண்ணில் வைத்து அது விழுந்தால் முப்பத்தைந்து மடங்கு. பன்னிரண்டு எண்களை மொத்தமாகப் பிடித்தால் இரண்டு மடங்கு. எண்ணை விட்டு நிறத்தில், சிவப்பிலோ கறுப்பிலோ வைத்தால் போட்டதற்குச் சமம். அதில் பூஜ்யம் விழுந்தாலும் பாதி திரும்பிவிடும்.

"எனக்கு இருபத்தொம்பது போடுங்க மச்சான். எங்க கல்யாணத் தேதி." பசுபதி நூறு டாலர் சில்லை நீட்டினார்.

"நூறையுமா?"

"ஆமாங்க. ஒரே தடவை."

மேஜையைச் சுற்றிக் கூட்டம். பசுபதி பின்னால் நிற்க, நஞ்சப்பன் கையை மட்டும் உள்ளே நுழைத்தார். இருபத்தொன்பது கறுப்பு எண். பாவம், நூறையும் எதற்குத் தொலைக்க வேண்டும் என்று கறுப்புக் கட்டத்தில் வைத்துவிட்டார். கேட்கவில்லை.

பந்து சுற்றியது, துள்ளியது, இருபத்தொன்பதில் உட்கார்ந்தது.

"மச்சான்! நம்ம நெம்பரு!" பசுபதி அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருஷ உறவில் அப்படித் தொட்டதே இல்லை.

ஆட்டத்தை நடத்தும் டீலர் பெண் ஒரே ஒரு நூறைத் தள்ளினாள்.

"என்னுங்க, ஒண்ணுதான் வருது?"

நஞ்சப்பன் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "மீதியை நான் குடுத்தர்றேன் மாப்ள" என்றும் சொன்னார். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"காசா கேட்டனுங்க?" பசுபதி தோளிலிருந்து கையை எடுத்தார். "லாரிக்கு வேண்டாம்னீங்க, உட்டுட்டேன். இது நான் சொன்ன நெம்பரு. ஒரு தடவைகூட என் இஷ்டத்துக்குத் தோத்துப்போக உடமாட்டீங்களா?"

மிச்ச நாளெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லை. மூன்று வருஷம் கழித்து, தங்கை மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்த பிறகே சேதி வந்தது. "அவரே முடிவு பண்ணிட்டாருங்ணா" என்றாள் சாந்தாமணி.

தாய்மாமன் சீரோடு போனார் நஞ்சப்பன். மண்டபத்தில் பசுபதி தனியாகக் கிடைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பண்ணது தப்புங்க மாப்ள."

பசுபதி கையை உருவிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டீங்களா? பந்தி முடியப் போகுது" என்று, முன்பின் தெரியாத விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

நஞ்சப்பன் போய் உட்கார்ந்தார். இலையில் என்னென்ன விழுந்தது என்று அவருக்கு ஞாபகமில்லை.