கடைசிச் சீனக் கொழுக்கட்டை

ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருடமாகியும் அம்மாவுக்கென்று ஒரு சிநேகிதி வாய்க்கவில்லை. அப்பா இரவு வேலை முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார். அம்மா கதைப்பதற்கு மிச்சம் இருந்தது ஏழு வயதான நான்தான். நானோ எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. இந்த நிலைமையில்தான், அம்மா வேலை செய்த தையல் பக்டரியில் பக்கத்து மெஷினில் இருந்த சீன அன்ரி எங்கள் இருவரையும் ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு டவுனுக்கு அழைத்தார். அம்மா, அன்ரி இரண்டு பேருடைய இங்கிலீஷையும் கூட்டினாலும் ஒருவருக்குக் காணாது. ஆனாலும் அம்மா அந்தக் கிழமை முழுவதும் பாடிக்கொண்டே சமைத்தார்.

நாங்கள் இருந்த மவுண்ட் ரோஸ்கில்லில் பஸ் ஏறியதுமே எனக்கு அம்மாவின் புத்திமதி தொடங்கிவிட்டது.

“சாப்பாட்டைக் கண்ட உடன கையை நீட்டக் கூடாது. ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லோணும். மூண்டாந்தரம் கேட்டாத்தான் எடுக்கோணும். விளங்கிச்சோ?”

கல்யாண மண்டபம் போலப் பெரிய கடை. மேசைகளுக்கு நடுவே பெண்கள் ட்ரொலி தள்ளிக்கொண்டு வந்தார்கள். ட்ரொலி நிறைய ஆவி பறக்கும் மூங்கில் பெட்டிகள். முதல் ட்ரொலிக்காரி மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே மெல்லிய மா வழியே சிவப்பாக இறால் தெரிகிற, குட்டிக் குட்டிக் கொழுக்கட்டைகள். அன்ரி ஆசையோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா அழகாகச் சிரித்து, “நோ, நோ, தேங்க் யூ” என்றார். ட்ரொலிக்காரி மூடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அடுத்த ட்ரொலி வந்தது. அதுவும் அப்படியே போனது. எங்கள் ஆட்களின் மரியாதை அந்த மனுசிக்கு எப்படித் தெரியும்?

“என்னடி, திருப்பிக் கேக்கினமில்லை,” என்று அம்மா என் காதுக்குள் முணுமுணுத்தார்.

அன்ரியின் முகம் வாடிவிட்டது. இந்தச் சாப்பாடு பிடிக்கவில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அம்மாவுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதியும் போகப்போகிறார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பசி வேறு. அம்மாவுக்கும் பசிதான், ஆனால் மூன்று தரம் கேட்க வேண்டும் என்று இங்கிலீஷில் உள்ளதை உள்ளபடி உடைத்துவிட்டேன். மேசைக்குக் கீழே அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, அப்பாடா!

அன்ரி ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தங்கள் ஊரிலும் இதே கதைதானாம். போன ட்ரொலியைக் கூப்பிட்டு, அம்மாவிடம் மூன்று தரம் சத்தமாகக் கேட்டுவிட்டு, பெட்டி பெட்டியாக இறக்கினார். “கொழுக்கட்டைக்குள்ள இறாலே!” என்று அம்மா கண்ணை விரித்தார். நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய், கடைசி ஒரு கொழுக்கட்டையில் வந்து நின்றது. அதை அன்ரி அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா திருப்பி அவர் தட்டில் வைத்தார். அன்ரி மறுபடி தூக்கினார். அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அம்மா தமிழில் ஏச, அன்ரி சீனத்தில் ஏச, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. முடிவில் அன்ரி அதை அப்படியே அம்மாவின் வாய்க்குள் திணித்துவிட்டார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் பொறுக்க முடியாமல், “அன்ரியோட கோவமோ?” என்று கேட்டேன். அதிசயமாகத் தமிழில்தான் கேட்டேன்.

“கோவமோ? வாற ஞாயிறு அவ எங்கட வீட்டை வாறா,” என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

அப்படிச் சண்டை பிடித்தவரை எதற்கு வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மா இப்படிக் கையைப் பிடித்துச் சண்டை போட்டது கூடப்பிறந்த தங்கச்சியோடு மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.